மீனுக்கு வந்த மருந்து

எழுதத் தெரிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தே தலை நரைத்தவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், முகம் தெரியாத பலர் படிக்கிற காகிதத்தில் பேச வந்திருக்கிறேன். அதுவும் பெருமைப்படுகிற விஷயம் ஒன்றும் இல்லை. என் அக்காள் புருஷனைப் பற்றியது. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தக் காலத்து ஆட்கள் தென்காசியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. நான் கூப்பிட்டபடி அத்தான் என்றே சொல்லிவிடுகிறேன்.

அத்தான் ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். ஊருக்குச் சார்வாள். நல்ல உயரம். ஆனால் அந்த உயரத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கொஞ்சம் வளைந்தே நடப்பார். எதிரே ஆள் வந்தால், தெரு எத்தனை அகலமாக இருந்தாலும் ஒதுங்கி நிற்பார். பயந்த சுபாவம் என்று சொல்ல முடியாது. வகுப்பில் பாம்பு வந்தபோது பையன்கள் பெஞ்சின் மேல் ஏறிக் கத்த, இவர் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வயலில் விட்டு வந்தார். மனுஷனைக் கண்டால்தான் வழி விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரம் பண்ணப் போனவர், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் முறையை விட்டுக் கொடுத்துவிட்டுக் கடை சாத்துகிற நேரத்தில் தாடியோடு திரும்பி வந்தார்.

"முகம் வழிக்கப் போனீங்களா, வேடிக்கை பாக்கப் போனீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"நமக்கு என்ன அவசரம்?" என்றார்.

இது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. செங்கோட்டை ரயிலில் அவரோடு ஒரு தடவை போனேன். கடையநல்லூரிலிருந்து வந்த ஒருவர் இரண்டு மூட்டையோடு ஏறினார். அத்தான் எழுந்து இடம் கொடுத்தார். அந்த ஆள் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு மூட்டையையும் உட்கார வைத்தார். அத்தான் கையில் தகர டப்பாவோடு கடைசி வரை நின்றுகொண்டே வந்தார். எனக்குத்தான் முகம் சிவந்தது. எழுந்து அந்த மூட்டையைத் தள்ளி வைக்க எனக்கும் தைரியமில்லை.

சாரல் காலத்தில் சனிக்கிழமை தோறும் குற்றாலம் போவோம். அருவியின் நடுவில் தண்ணீர் முதுகில் குத்துகிற மாதிரி விழும். அந்த இடத்துக்கு ஆண்கள் முட்டி மோதுவார்கள். அத்தான் ஓரத்தில் சொட்டுகிற தண்ணீரில் நின்று தலையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார். அருவிக்குப் போய்த் தூறலில் நனைந்து வருகிற ஆளை நான் வேறே பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டில் வளர்த்தது சண்டைக்கார மீன்கள்.

பள்ளத்தி என்று செங்கோட்டைப் பக்கத்தில் சொல்வார்கள். உள்ளங்கையில் பாதி இருக்கும். அந்தத் தகர டப்பா அதற்குத்தான். பட்டாசல் என்று நாங்கள் சொல்லும் வீட்டுக் கூடத்தில், இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, இடுக்கில் கீல் பூசி அவரே ஒரு தொட்டி செய்து வைத்திருந்தார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். தொட்டியில் ஒன்று மட்டும் அரைத்த மஞ்சளாக மின்னிக்கொண்டு நடுவில் திரியும். அதற்குப் பெரியவன் என்று பெயர். அது வந்தால் மற்றதெல்லாம் விலகும். விலகுவதிலும் ஒரு வரிசை உண்டு. எல்லாவற்றுக்கும் விலகுகிற ஒன்று மூலையில் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தீனி போட்டால்கூட வெளியே வராது.

"ஏன் அத்தான், அதுக்கு மட்டும் சீக்கா?" என்று கேட்டேன்.

"சீக்கு இல்ல மாப்ளே. தோத்தவன். தோத்தவன் நிறம் அதுதான்."

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உடம்புக்குள் சில சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஊறுகிற சாறு நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஹார்மோன் என்று பெயர். ஆண் மீனுக்குள் அப்படி ஊறுகிற ஒரு சாறு கூடினால் நிறம் ஏறும், கோபம் ஏறும், சண்டைக்குப் போய் இடம் பிடிக்கும் என்றார்.

"அப்போ அது ஊறுனவன் ஜெயிப்பான்."

"அப்படித்தான் எல்லாரும் நினைக்காங்க. தலைகீழாவும் நடக்கு. ஜெயிச்சவனுக்கு ஊறுது. இங்கன பாரு."

வலையால் பெரியவனை அள்ளி ஒரு வாளியில் விட்டார். அவர்கள் வீட்டில்தான் எனக்கும் சாப்பாடு. நான் கடைக்குப் போய்விட்டுச் சாப்பிட வந்தபோது, அதுவரை மங்கலாக இருந்த இரண்டாவது மீன் பளபளவென்று மஞ்சள் பூத்து, பெரியவன் திரிந்த இடத்தில் திரிந்துகொண்டிருந்தது.

"இதுக்கு யாரு மருந்து குடுத்தா?" என்றார் அத்தான். "மேல ஒருத்தன் இல்லைன்னு தெரிஞ்சுது. அம்புட்டுதான். உள்ள தானா ஊறிட்டு."

"அந்த மூலைக்காரனுக்கு மட்டும் ஊறலையே?"

"அதுக்கு மேலே இன்னும் எத்தனை பேரு! தோத்துத் தோத்து உள்ள வத்திப் போயிருக்கும்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீயும் நானும் அந்த மூலைக்காரன் கட்சி மாப்ளே."

அடுக்களை வாசலில் அக்கா நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. அத்தான் குடும்பத்துக்கு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை. ஆடி மாதம் செவ்வாய்க்கிழமை உச்சிப் பூஜை முடிந்ததும் பூசாரி அந்த வீட்டு மூத்தவர் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டுவார். அத்தானுடைய அப்பா இருந்தவரை அவருக்குக் கட்டினார்கள். அவர் காலமான முதல் வருஷம் அத்தான் வாத்தியார் பயிற்சிக்காகப் பாளையங்கோட்டையில் இருந்தார். தம்பி வாங்கிக்கொண்டார். தம்பியை ஊரில் சின்னவர் என்பார்கள். நெல் வியாபாரம், பெருத்த தொண்டை. இரண்டாவது வருஷம் அண்ணன் தம்பி இருவரும் நின்றார்கள். பூசாரி யாருக்குக் கட்டுவது என்று தயங்கினார். சின்னவர் தலையை நீட்டினார். அத்தான் ஓரடி பின்னால் நகர்ந்து வழி விட்டார்.

வருகிற மூன்றாவது கொடையிலும் சின்னவர் வாங்கிவிட்டால் மரியாதை அவர் வழிக்கே போய்விடும் என்று ஊரில் பேச்சு. மரியாதை யாருக்கோ அவர் பெண்சாதிதான் முளைப்பாரியில் முன்னால் நடப்பாள். மூத்த மருமகளான என் அக்கா இரண்டு தடவையும் சின்னவர் பெண்சாதிக்குப் பின்னால் நடந்தாள். போன வருஷம் வீட்டுக்கு வந்தவள் சேலையைக்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மருந்து வந்தது அந்த மூன்றாவது கொடைக்குக் கொஞ்சம் முன்னால். உலகச் சண்டை ஆரம்பித்திருந்த காலம். அத்தானோடு கல்லூரியில் படித்தவர் ஒருவர் பட்டணத்தில் டாக்டர். மீனுக்கு ஏற்றிப் பார்க்க அத்தான் கேட்டு எழுதியதற்கு அவர் பஞ்சில் பொதிந்து ஒரு பெட்டி அனுப்பினார். சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஆணுக்குள் ஊறுகிற அந்தச் சாற்றைச் சீமையில் மருந்தாகச் செய்து எண்ணெயில் கரைத்து அடைத்திருந்தார்கள். ஊசியில் ஏற்றுகிற மருந்து. சண்டையில் கப்பல் நின்றுவிடும், இனிமேல் கிடைக்காது என்று டாக்டர் எழுதியிருந்தார். அத்தான் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி அலமாரியில் வைத்தார்.

ஒரு குப்பியின் கழுத்தை ஒடித்து, மூலைக்காரனை ஈரத் துணியில் சுற்றி, ஊசி முனையில் ஒரு துளி ஏற்றினார். பக்கத்தில் அவர் புதிதாகச் செய்து வைத்திருந்த இரண்டாவது தொட்டியிலும் அதே மாதிரி ஒரு சோனி மீன் இருந்தது. அதற்கு வெறும் நல்லெண்ணெய் ஏற்றினார்.

"அது என்னத்துக்கு?" என்றாள் அக்கா.

"எண்ணெயாலதான் வீரம் வந்துட்டுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிரக் கூடாதுல்லா. ரெண்டையும் வச்சுப் பாத்தாத்தான் எது மருந்து, எது மீனோட சொந்தச் சரக்குன்னு தெரியும்."

மூன்று நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூலைக்காரன் மூலையை விட்டு வந்தது. சாம்பல் போய் மஞ்சள் ஏறியது. தனக்கு மேலே இருந்ததைத் துரத்தி வாலைக் கடித்தது. பிறகு அதற்கு மேலே இருந்ததை. கடைசியில், வாளியிலிருந்து திரும்பி வந்து பழையபடி நடுவில் இருந்த பெரியவனையே முட்டித் தள்ளிவிட்டு நடுவில் திரிந்தது. எண்ணெய் ஏற்றின மீன் கிடந்த இடத்திலேயே கிடந்தது. நான் கடையையும் அக்கா சமையலையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மருந்து தீர்ந்தா பழையபடி மூலைக்குப் போயிருமா?" என்று அக்கா கேட்டாள்.

"போகாதுன்னு நினைக்கேன். மத்ததுக்கெல்லாம் விலகிப் பழகிட்டுல்லா. ஒரு தடவை ஜெயிச்சாப் போதும்."

"ஒரு தடவை" என்று அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொடைக்கு முந்தின சனிக்கிழமை குற்றாலம் புறப்பட்டோம். அக்கா கிண்ணத்தில் எண்ணெய் காய்ச்சித் தந்தாள். "ஏலே தம்பி, நீயே உச்சியில வச்சு நல்லாத் தேச்சு விடு. உடம்பெல்லாம் ஊறணும். உடனே அருவியில போய் நிக்க விடாதே" என்று என்னிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னாள். வழக்கமான நல்லெண்ணெய் வாசனைதான். பாறையில் உட்கார வைத்து, தலை, தோள், முதுகு எல்லாம் என் கையாலேயே தேய்த்துவிட்டேன். வெயில் வரும்வரை ஊறினார். பிறகு அருவிக்குப் போனார். அன்றைக்குக் கூட்டம் குறைவு. நடுவிலேயே இடம் இருந்தது. கொஞ்சம் நின்றார். ஒரு தடித்த ஆள் வந்து, "அண்ணாச்சி, கொஞ்சம்" என்றதும் நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கொடை. உச்சிப் பூஜை முடிந்தது. மேளம் நின்றது. பூசாரி பரிவட்டத்தை விரித்துக்கொண்டு பழக்கத்தில் சின்னவர் பக்கம் போனார். சின்னவர் தலையை நீட்டினார்.

"நில்லுங்க."

யார் குரல் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அத்தான்தான்.

"மூத்தவன் நான் இருக்கேன். எனக்குக் கட்டும்."

"அண்ணாச்சி, கூட்டத்துல என்ன இது? பொறவு பேசிக்கிடுவோம்" என்றார் சின்னவர்.

அத்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இழுக்கவில்லை, தள்ளவில்லை. பிடித்தபடி அவரை ஓரடி பக்கத்தில் நிறுத்திவிட்டு அந்த இடத்தில் தான் நின்றார். "ரெண்டு வருஷம் நீ வாங்கிட்டே. போதும்" என்றார். குரல் நடுங்கியது. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. பூசாரி கட்டிவிட்டார். மேளம் எழுந்தது. அத்தான் திரும்பி நடந்தபோது கூட்டம் விலகி வழி விட்டது. முதுகை வளைக்காமல் நடந்தார். அவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

அத்தோடு எழுதுவதை நிறுத்திவிடலாம் என்றுதான் ஆசை.

கோயில் மண்டபத்தில் பந்தி. பரிவட்டத்தோடு அத்தான் முதல் இலையில். பக்கத்தில் சின்னவர். எதிர் வரிசையில் நான். அக்காவும் சின்னவர் பெண்சாதியும் பரிமாறிக்கொண்டு வந்தார்கள்.

சின்னவர் பெண்சாதி குழம்பு ஊற்றிக்கொண்டே, "என்னக்கா, அத்தானுக்கு இந்தச் சத்தம் இம்புட்டு நாளும் எங்கன இருந்துச்சு?" என்றாள்.

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கெட்டவள் இல்லை. இரண்டு வருஷம் பின்னால் நடந்தவள்.

"எல்லாம் மருந்துதாம்ட்டி" என்றாள். "குளத்து மீனுக்கே ஏறுச்சு. மனுசனுக்கு ஏறாதா?"

"என்ன மருந்து?"

"மீனுக்கு வந்த மருந்து. குப்பி அம்புட்டையும் ஒடிச்சு எண்ணெயில ஊத்தித் தேய்க்க விட்டேன்லா! சரியாப் பிடிச்சிட்டு பாரு."

முதலில் ஒரு இலையில் சிரித்தார்கள். அது அடுத்த இலைக்குப் போனது. விஷயம் கடைசி இலைக்குப் போய்ச் சேருவதற்குள் பந்தி முழுவதும் சிரித்தது. சின்னவர் பெரிய தொண்டையில், "அப்போ மரியாதை அண்ணாச்சிக்கு இல்ல, பள்ளத்திக்குல்லா கட்டியிருக்கு!" என்றார். யாரோ, "பூசாரி, பாத்துக்கிடும். வாலைக் கடிச்சிரப் போறாரு" என்றார்கள். பூசாரியும் சிரித்தார்.

அத்தான் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "எதைச் சொல்லுத?"

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. "சனிக்கிழமை தேச்ச எண்ணெய்" என்றாள் மெதுவாக. கையிலிருந்த கரண்டி சாய்ந்து பருப்பு தரையில் ஒழுகியது.

அத்தான் பரிவட்டத்தை இடது கையால் மெல்ல அவிழ்த்தார். மடித்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பந்தியில் பாதியில் எழுந்தால் மற்றவர்களை அவமதித்த மாதிரி ஆகும் என்று, போட்டதையெல்லாம் சாப்பிட்டார். பாயசமும் சாப்பிட்டார். நான் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் அப்படிச் சாப்பிடுவதைப் பார்க்கக் கூடாது. இன்றைக்கும் பந்தியில் யாராவது பலமாகச் சிரித்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கை கழுவுகிற இடத்தில் ஒரே ஒரு அண்டா. அத்தான்தான் முதலில் போய்ச் செம்பை எடுத்தார். பின்னால் சின்னவர் வந்தார். அத்தான் செம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"நீ கழுவு. நமக்கு என்ன அவசரம்?"

இலை எடுக்கும்போது அந்தப் பரிவட்டத்தைச் சின்னவர் பெண்சாதி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அது அவர்கள் வழியில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அத்தான் அக்காவை ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அலமாரியைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். பஞ்சு மட்டும் இருந்தது. மூடி வைத்தார். தொட்டி முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார். அக்கா அடுக்களைக்குள் போய் வெளியே வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"அத்தான், அது ஊசி மருந்துல்லா. தலையில தேச்சா எங்கன ஏறும்? அருவியோட போயிருக்கும்."

"தோல் வழியாவும் கொஞ்சம் இறங்கும்னு படிச்சிருக்கேன் மாப்ளே."

"அன்னைக்கு அருவியிலயும் வழிதானே விட்டீங்க? மருந்து பிடிச்சிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மீனுக்கும் அன்னைக்கே பிடிக்கலையே. மூணு நாலு நாள் ஆச்சு. சனிக்கிழமையில இருந்து எண்ணிப் பாரு."

நான் எண்ணினேன். நாலாவது விரலில் செவ்வாய்க்கிழமை வந்தது.

"பந்தியில சிரிச்சது போகட்டும்" என்றார். "கோயில்ல நின்னுகிட்டு இருந்தேன் பாரு, அப்போ உள்ள ஒண்ணு எழும்புச்சு. இம்புட்டு வயசுக்கு இப்பமாவது வந்துதேன்னு எனக்கு அழுகையே வந்துட்டு. அது என்னோடதுன்னு நினைச்சேன்."

"உங்களோடதுதான் அத்தான்."

"எப்படிச் சொல்லுத? பாக்கணும்னா ரெண்டு அத்தான் வேணும் மாப்ளே. ஒருத்தனுக்கு மருந்து, ஒருத்தனுக்கு வெறும் எண்ணெய்." தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

உள்ளே அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தொட்டியில் பழைய மூலைக்காரன் நடுவில் மஞ்சளாகத் திரிந்துகொண்டிருந்தது. மற்றவை விலகிக்கொண்டிருந்தன.

மறுநாள் புதன்கிழமை. அத்தான் பள்ளிக்கூடம் போனார். நான் கடைக்குப் போனேன். அக்கா மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினாள்.